மாயாற்றில் மட்டும் பாறு பிழைத்தது எப்படி?

கரிசல்காட்டான் (இழையைத் தொடங்கியவர்)

எங்க விளாத்திகுளம் பக்கம் அறுபதைத் தாண்டினவங்களைக் கேட்டா, செத்த மாட்டை ஓடைக்கரையில போட்டா கொஞ்ச நேரத்துல கழுகு கூட்டமா எறங்கிடும்னு சொல்றாங்க. பிணந்தின்னிக் கழுகு, பாறுன்னும் சொல்வாங்க. எனக்கு நாப்பது நடக்குது, ஒண்ணைக்கூடப் பார்த்ததில்லை. வெண்முதுகுப் பாறு 1992-லிருந்து 2007-க்குள்ள இந்தியாவுல 99.9 சதவீதம் காணாமப் போச்சுன்னு படிச்சேன். ஆயிரத்துக்கு ஒண்ணுதான் மிச்சம். யாரும் வேட்டையாடல. மாட்டுக்குப் போட்ட வலி ஊசிதான் காரணமாம்.

எனக்கு ரெண்டு சந்தேகம். நாடு முழுக்கச் சரிஞ்ச பறவை, தமிழ்நாட்டுல நீலகிரி அடிவாரத்துல மாயாத்துப் பள்ளத்தாக்குல மட்டும் எப்படி நின்னுச்சு? அங்க மாடே இல்லையா, இல்ல ஊசியே போடலையா? அடுத்தது, கழுகு போனதால நமக்கு என்ன ஆச்சு? "இயற்கைச் சமநிலை கெட்டுடும்"னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. குறிப்பா என்ன கெட்டுச்சு, யாருக்குக் கெட்டுச்சுன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க.

ஊசிப்பெட்டி

கால்நடை மருத்துவன் நான். முதல்ல மருந்துக் கதையைச் சொல்லிடறேன், மத்ததை அந்தப் பக்கத்துக்காரங்க யாராவது வந்து சொல்லட்டும்.

டைக்ளோபினாக் மனுஷங்களுக்கு மூட்டுவலி மாத்திரையா ரொம்ப காலமா இருக்கு. காப்புரிமை முடிஞ்சு மலிவுச் சரக்கு வந்ததும் 90-கள் நடுவுல மாட்டுக்கும் வந்துடுச்சு. மாடு நொண்டினா அதே ஊசி, மடி வீங்கினா அதே ஊசி, கன்னு போட்டு எந்திரிக்கலைன்னாலும் அதே ஊசி. மாட்டுக்கு அது நல்லாவே வேலை செய்யும், அதுல குறை சொல்ல முடியாது. ஊசி போட்ட ஓரிரு நாளுக்குள்ள அந்த மாடு வேற ஏதோ நோயால செத்துட்டாத்தான் வில்லங்கம். ஈரல்லயும் சிறுநீரகத்துலயும் மருந்து அப்படியே கிடக்கும். அதைத் தின்ன பாறோட சிறுநீரகம் வேலையை நிறுத்திடும். நம்மளை மாதிரி யூரியாவா கழிக்கிற உடம்பு இல்லை பறவைக்கு. யூரிக் அமிலமாத்தான் போகணும், எச்சத்துல வெள்ளையாத் தெரியறது அதுதான். அது போக வழியில்லாம ரத்தத்துல ஏறி, இதயம், ஈரல் மேலெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி படிஞ்சிடும். அறுத்துப் பார்த்தா ஒரு பார்வையிலேயே தெரியும். தின்ன சில நாள்லயே பறவை போயிடும்.

ராஜஸ்தான்ல பரத்பூர் கேவலாதேவ் பூங்காவுல 90-கள் பின்பாதியில பாறுகள் கொத்துக் கொத்தாச் செத்தப்போ, ஏதோ புது வைரஸ்னுதான் சந்தேகப்பட்டாங்க. பாகிஸ்தான்ல செத்த பறவைகளைச் சோதிச்ச குழு 2004-ல நேச்சர் இதழ்ல எழுதின பிறகுதான் மருந்துன்னு உறுதியாச்சு. 2006-ல இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூணு நாடும் கால்நடைக்கு அதைத் தடை செஞ்சுது. ரெண்டே வருஷம். நம்ம அரசாங்க வேகத்துக்கு இது அதிசயம்.

ஒரு ஊசி மருந்து எப்படி இத்தனை கோடிப் பறவையைக் கொல்லும்னு இன்னமும் நிறையப் பேர் கேக்கறாங்க. செத்துக் கிடக்கிற மாட்டுல நூத்துக்கு ஒண்ணுக்கும் குறைவா விஷமா இருந்தாலே இவ்வளவு பெரிய சரிவு வந்துடும்னு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டாங்க. ஏன்னா ஒரு மாட்டுல அம்பது, நூறு பறவை சேர்ந்து எறங்கும். அதோட இது ஒரு ஈட்டுக்கு ஒரே முட்டை போடற பறவை. முட்டை போடற வயசு வரவே அஞ்சு வருஷம் ஆகும். அப்படி இருக்கிற இனத்துல வளர்ந்த பறவை செத்தா ஈடுகட்ட வழியில்ல. 2004, 2005-ல இந்தியாவுல எடுத்த ஈரல் மாதிரிகள்ல நூத்துக்குப் பத்துல மருந்து இருந்துச்சு. அப்புறம் எங்கே பிழைக்கறது?

எதிர்க்கேள்வி

வழக்கமான ஒப்பாரி ஆரம்பிச்சாச்சு. பூமியில் தோன்றிய உயிரினங்களில் 99 சதவீதத்துக்கு மேல் நாம் பிறக்கும் முன்பே அழிந்தவை. டைனோசருக்கு யார் ஊசி போட்டார்கள்? ஒன்று போனால் அதன் வேலையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். கழுகு தின்ற மாட்டை இப்போது நாய் தின்கிறது, காக்கை தின்கிறது. மாடு அழுகி அப்படியே கிடக்கிறதா என்ன? இழை தொடங்கியவர் கேட்டது சரியான கேள்வி: யாருக்கு என்ன கெட்டது? பதில் மட்டும் இன்னும் வரவில்லை.

கணக்கன்

எதிர்க்கேள்விக்கு: "நாய் தின்கிறது" என்று நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள்.

பாறின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமி போன்றவற்றைத் தாங்கும் வயிறு அது. கூட்டமாக இறங்கினால் ஒரு மாட்டின் கதையை ஒரு மணி நேரத்துக்குள் முடித்து எலும்பை விட்டுப் போகும். நாய்க்கு அந்த வயிறும் இல்லை, வேகமும் இல்லை. தின்ற நாய் ஊருக்குள் வரும், குட்டி போடும், கடிக்கும்.

2008-ல் வெளியான ஓர் ஆய்வு, 1992 முதல் 2006 வரை பாறு குறைந்ததால் மட்டும் இந்தியாவில் நாய்கள் சுமார் 55 லட்சம் கூடின, நாய்க்கடிகள் 3.85 கோடி கூடின, வெறிநோய்ச் சாவுகள் 47,300 கூடின என்று மதிப்பிட்டது. 2024-ல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் முதன்மை இதழில் இரு பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் கனமானது. பாறு வாழ ஏற்ற மாவட்டங்களையும் ஏற்காத மாவட்டங்களையும் பிரித்தார்கள். மலிவு டைக்ளோபினாக் சந்தைக்கு வந்த 1994-ஐ நடுக்கோடாக வைத்து முன்னும் பின்னும் சாவு விகிதத்தை ஒப்பிட்டார்கள். முன்பு பாறு நிறைந்திருந்த மாவட்டங்களில் மட்டும் மனிதச் சாவு 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் கூடுதல் சாவுகள். வெறிநோய்த் தடுப்பூசி விற்பனையும் அங்கே ஏறியிருந்தது, ஆற்று நீரின் தரமும் கெட்டிருந்தது. இழப்பை ஆண்டுக்கு 6,900 கோடி டாலருக்கு மேல் என்று போட்டிருக்கிறார்கள்.

யாருக்குக் கெட்டது என்றால், தோல் உரித்தபின் மாடு கொட்டும் மேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவனுக்குக் கெட்டது. தன் பிள்ளை நாய் கடித்துச் செத்ததற்கும் கழுகுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

எதிர்க்கேள்வி

5 லட்சம் என்பது பிணத்தை எண்ணி வந்த கணக்கு இல்லை, கணினியில் ஓட்டி வந்த மதிப்பீடு. அதே பத்தாண்டில்தான் ஊர்கள் பெருத்தன, குப்பை மலை வளர்ந்தது, கோழிக்கடைகள் வந்தன. நாய் பெருகியதற்கு அவையெல்லாம் காரணமில்லையா? சென்னையில் தெரு முழுக்க நாய். சென்னை வீதியில் எப்போது கழுகு மாடு தின்றது?

கணக்கன்

சென்னைத் தெருநாய்க்குக் காரணம் குப்பை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குப்பையும் கோழிக்கடையும் எல்லா மாவட்டத்திலும்தான் வந்தன. அவைதான் காரணம் என்றால் பாறு இருந்த மாவட்டம், இல்லாத மாவட்டம் இரண்டிலும் சாவு ஒன்றாக ஏறியிருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் ஏறியது, அதுவும் 1994-க்குப் பிறகு மட்டும். அந்த வேறுபாட்டைத்தான் அவர்கள் அளந்தார்கள். மதிப்பீடுதான், மறுக்கவில்லை. 5 லட்சம் வேண்டாம், பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சின்ன எண்ணா?

மாற்று ஆள் உண்டு என்ற உங்கள் வாதத்துக்கு மும்பைப் பார்சிகளைக் கேளுங்கள். மலபார் குன்றில் அவர்களுடைய அமைதிக் கோபுரங்கள் இருக்கின்றன. உடலைப் புதைக்காமல், எரிக்காமல் பறவைக்கு வைப்பது அவர்கள் மரபு. பாறு போனபின் காக்கையும் பருந்தும் அந்த வேலையை முடிக்கவில்லை. சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை வைக்க வேண்டியதாயிற்று. சிலர் தகனத்துக்கு மாறிவிட்டார்கள். நாம் நாயோடு சமாளித்தோம், அவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

ஆத்தோரம்

சீகூர் பக்கத்துக்காரன்ங்க நான், மசினகுடிக்குக் கீழ. முதல் கேள்விக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

மாடு இல்லாமயா? மாவனல்லா, சிறியூரு, ஆனைகட்டி எங்க போனாலும் மாடுதான்ங்க. ஆனா பட்டி மாடு. கறக்கிறதுக்குன்னு வெச்சிருக்கறது கம்மி, சாணிக்குத்தான் பட்டி போடறது. எரு லாரியில மேல தோட்டத்துக்கும் கேரளாவுக்கும் போகும். அந்த மாடு நொண்டுச்சுன்னா யாரும் டாக்டரைக் கூப்பிட மாட்டாங்க. ஊசிக்கும் வண்டிக்கும் செலவு பண்ணற அளவுக்கு அதுல வருமானம் கிடையாது. பச்சிலை கட்டுவாங்க, இல்லைனா காட்டுக்குள்ள விட்டுருவாங்க. சீமை மாடு வெச்சுப் பாலு ஊத்தற ஊர்லதான் ஊசி அதிகம்ங்க. எங்க வறுமை கழுகைக் காப்பாத்துச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க, ஆனா பாதி நெசம் அதுதான்.

மீதிப் பாதி காடு. புலி அடிச்ச கடமான், செந்நாய் அடிச்ச புள்ளிமான், தானாச் செத்த காட்டெருமை, ஆனை. அதுல எந்த மருந்தும் கிடையாது. வெளியூர்ல கழுகுக்குச் செத்த மாட்டை விட்டா வேற கதியில்ல. இங்க காட்டுத் தீனி எப்பவும் கிடைக்கும். அதனால ஒரு விஷ மாடு கிடந்தாலும் எல்லாமும் அதுல போயி உழுகல.

கூடு ஆத்தோரம் நீர்மருது மரத்துல. வெண்முதுகுப் பாறு பெரும்பாலும் அந்த மரத்தைத்தான் தேடும், உசரமா, கிளை விரிஞ்சு இருக்கறதால. கூடு இருக்கற மரத்தைத் தூரத்துல இருந்தே கண்டுபுடிக்கலாம்ங்க, எலையெல்லாம் எச்சம் உழுந்து வெளுத்துக் கிடக்கும். கருங்கழுத்துப் பாறு மரத்துல கட்டாது, செங்குத்துப் பாறை இடுக்குல கட்டும். பனி ஆரம்பிக்கறப்ப முட்டை வெச்சா, கோடை வரைக்கும் அந்த ஒரே குஞ்சுக்கு அப்பனும் ஆத்தாளும் மாறி மாறித் தீனி கொண்டாந்து ஊட்டும்.

எறங்கற மொறையப் பாக்கணும்ங்க. காக்கா முதல்ல வந்து கண்ணைக் கொத்தும். செந்தலைப் பாறு ஒண்ணோ ஜோடியோ வந்து தள்ளி நிக்கும், கூட்டத்தோட ஒட்டாது. வெண்முதுகுக் கூட்டம் மரத்துல உக்காந்துகிட்டே இருக்கும், ஒரு மணி நேரம்கூட எறங்காது. ஒண்ணு எறங்குச்சுன்னா அவ்வளவுதான், தபதபன்னு எல்லாமும் எறங்கி, தலையை வயித்துக்குள்ள உட்டு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச் சீறிக்கிட்டு! சத்தம் நல்லாயிருக்காது. கடைசியில மஞ்சள்முகப் பாறு வந்து சின்ன அலகால எலும்புச் சந்துல இருக்கறதை நோண்டிட்டுப் போகும்.

மலையடிவாரத்தாள்

மஞ்சள்முகப் பாறு என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம். ஊர்ப் பெயரிலேயே கழுகு. சிறுமியாக இருந்தபோது வேதகிரீஸ்வரர் மலையில் உச்சிவேளையில் பாறை மேல் பண்டாரம் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு பறவைகள் வரும். வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம். காசியில் குளித்து, இங்கே சாப்பிட்டு, ராமேசுவரம் போகின்றன என்று பாட்டி சொல்வாள். ஒருநாள் வராவிட்டால் கூட்டத்தில் யாரோ பாவி இருப்பதாக ஆளுக்கு ஆள் பார்த்துக்கொள்வார்கள், எங்கள் அத்தை எப்போதும் என் மாமாவைப் பார்ப்பாள். 90-களின் கடைசியோடு வருவது நின்றுபோனது. பாத்திரமும் பாறையும் இருக்கின்றன.

எதிர்க்கேள்வி

அம்மா, அதுக்கும் டைக்ளோபினாக்தானா?

ஊசிப்பெட்டி

அந்த ரெண்டு பறவை விஷயத்துல மருந்து மேல பழி போட நான் தயாரில்ல. மலையைச் சுத்தி ஊர் பெருத்தது, கல்குவாரி, வண்டிச் சத்தம் எல்லாம் இருக்கு. ஆனா நாடு முழுக்க மஞ்சள்முகப் பாறும் செந்தலைப் பாறும் அதே காலத்துலதான் வேகமாக் குறைஞ்சுது. 2007-ல ரெண்டையும் உலக அளவுல அழிவு அபாயப் பட்டியல்ல மேல் நிலைக்கு உயர்த்தினாங்க.

எல்லாக் கழுகுக்கும் இந்த மருந்து விஷமில்லைங்கறதையும் சொல்லணும். அமெரிக்காவுல இருக்கிற வான்கோழிக் கழுகுக்கு நிறையக் கொடுத்துப் பார்த்தும் ஒண்ணும் ஆகல. நம்ம பாறு குடும்பத்துக்கு மட்டும் துளி போதும். ஒரு இனம் பிழைக்குமா சாகுமாங்கறதை அதோட பலமோ வேகமோ தீர்மானிக்கல. ஈரல்ல ஒரு நொதி அந்த மருந்தைச் சிதைக்குமா, எவ்வளவு சீக்கிரம் சிதைக்கும்ங்கறது தீர்மானிச்சுடுச்சு. வலுத்தது வாழும்னு பேசறவங்க இதையும் யோசிக்கணும்.

கல்லாப்பெட்டி

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 2006 தடையைப் பற்றி ஊசிப்பெட்டி அதிசயம் என்றார். தடை வந்தது கால்நடை மருந்துக்கு. மனிதர்களுக்கான டைக்ளோபினாக் ஊசி 30 மில்லி பாட்டிலில் தாராளமாகக் கிடைத்தது. மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்கு? மாட்டுக்குத்தான். கம்பெனிக்குத் தெரியும், மொத்த வியாபாரிக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். "விலங்குகளுக்கு அல்ல" என்று லேபிளில் போட்டார்கள். மாடு லேபிள் படிக்குமா?

2015-ல்தான் மனித ஊசியை ஒரு வேளைக்கான 3 மில்லிக்கு மேல் அடைக்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணை போட்டது. மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்று சொல்லிவிட்டது. பத்துச் சின்ன ஆம்பூலை உடைத்து மாட்டுக்கு ஏற்றுவதற்கு ஆகும் காசில் வேறு நல்ல மருந்தே வாங்கிவிடலாம். தடையைவிட, அறிவிப்புப் பலகையைவிட, இந்தப் பாட்டில் அளவுதான் கடையில் விற்பனையை மாற்றியது. நான் கண்ணால் பார்த்தது.

ஊசிப்பெட்டி

முழுக்கச் சரி. அதோட இன்னொரு ஓட்டையும் இருந்துச்சு. டைக்ளோபினாக் போனதும் அசிக்ளோபினாக் வந்துச்சு. பெயர்தான் வேற, மாட்டு உடம்புக்குள்ள போனா அது டைக்ளோபினாக்காவே மாறிடும். கீட்டோபுரொபேனும் பாறுகளைக் கொல்லும்னு ஆய்வுல தெரிஞ்சு பல வருஷம் ஆச்சு. ரெண்டையும் 2023 ஜூலையிலதான் தடை செஞ்சாங்க. நிமுசுலைடு தடை அதுக்கும் பிறகு. ஒரு மருந்தைத் தடை செஞ்சா அடுத்தது வருது. அது கொல்லுதுன்னு நிரூபிக்கப் பறவை சாகணும், ஆய்வு வரணும், கோப்பு நகரணும். முதல்ல பாறுக்குப் பாதுகாப்பான்னு சோதிச்சிட்டு அப்புறம் கால்நடை மருந்துக்கு உரிமம் கொடுக்கணும்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. நியாயமான கோரிக்கை.

பாதுகாப்பான மருந்து இருக்கு: மெலாக்சிகம், டோல்பெனமிக் அமிலம். மெலாக்சிகம் மெதுவாத்தான் கேக்கும்னு சில விவசாயிகள் குறை சொல்வாங்க. நான் வருஷக்கணக்காப் போடறேன், மடிநோய்க்கும் நொண்டலுக்கும் நல்லாவே கேக்குது.

தூரக்கண்ணாடி

பிழைத்த கதைகளையும் கொஞ்சம் பேசலாமே. கலிபோர்னியா காண்டோர் என்று ஒரு பெரிய கழுகு. 1987-ல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டுக்குள் கொண்டுவந்தார்கள். அப்போது உலகத்தில் மொத்தம் 27. கூண்டில் இனப்பெருக்கம் செய்து 1992 முதல் வெளியே விட்டார்கள், இன்று 500-க்கு மேல். மொரீசியஸ் தீவின் சிறுவல்லூறு இன்னும் மோசம்: 1974-ல் தெரிந்த பறவைகள் நான்கே நான்கு. காடழிப்போடு டி.டி.டி. பூச்சிமருந்தும் சேர்ந்து அடித்திருந்தது. முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்து, காட்டில் தீனி வைத்து, பெட்டிக்கூடு கட்டிச் சில நூறாக்கினார்கள்.

நம் நாட்டிலும் அரியானாவின் பிஞ்சோரில் பாறு இனப்பெருக்க மையம் இருக்கிறது. மேற்கு வங்கம், அசாம், போபால் என்று மற்ற இடங்களிலும் உண்டு. எதுவும் முடியாது என்ற தொனியில் இழை போவதால் சொல்கிறேன்.

கணக்கன்

காண்டோர் கதையின் பின்பாதியையும் சொல்லிவிடுங்கள். அந்தப் பறவைகள் வெளியே போனபின்னும் ஈயத்தால் சாகின்றன. வேட்டைக்காரர் சுட்டுவிட்டுப் போன மானின் குடலில் துப்பாக்கிக் குண்டின் ஈயத்துகள் இருக்கும், அதைத் தின்றால் நஞ்சேறும். கலிபோர்னியா வேட்டைக்கு ஈயக்குண்டை முழுக்கத் தடை செய்தது 2019-ல்தான். இடைப்பட்ட காலமெல்லாம் பறவையை மறுபடி மறுபடி பிடித்து, ரத்தம் சோதித்து, நஞ்சை எடுத்துத் திரும்ப விட்டார்கள். இன்றும் அது நிற்கவில்லை. நஞ்சு வெளியே இருக்கும்வரை, கூண்டில் எத்தனை குஞ்சு பொரித்தாலும் கடனுக்கு வட்டி கட்டுகிற கதைதான்.

நேபாளம் இதைச் சரியாகச் செய்தது. நவல்பராசியில் 2006-ல் கிராமத்து மக்களே "ஜடாயு உணவகம்" தொடங்கினார்கள். கறவை நின்ற கிழட்டு மாடுகளை வாங்கி, சாகும்வரை பராமரித்து, மருந்து கலக்காத மாட்டைப் பறவைக்குப் போட்டார்கள். சுற்று வட்டாரக் கடைகளில் டைக்ளோபினாக்கை மாற்றி மெலாக்சிகம் வைத்தார்கள். முதலில் நஞ்சை எடுத்தார்கள், பிறகுதான் பறவையைப் பற்றிப் பேசினார்கள். அங்கே எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது.

எதிர்க்கேள்வி

சரி, எண்ணிக்கைக்கே வருவோம். தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா சேர்ந்து 2023 பிப்ரவரியில் எடுத்த கணக்கில் 246 பாறு. அதே ஆண்டு டிசம்பரில் 320. செய்தித்தாள் எல்லாம் "கழுகுகள் பெருகின" என்று கொண்டாடின. ஒரு ஈட்டுக்கு ஒரே முட்டை என்று ஊசிப்பெட்டி சொல்கிறார். பத்து மாதத்தில் 74 எங்கிருந்து வந்தன? வாடகைக்கா?

ஊசிப்பெட்டி

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். பிறப்பால அந்த 74 வரவே முடியாது.

ஆத்தோரம்

எண்ற இடம் கூடும், ஆளு கூடும், அன்னிக்கு எங்க தீனி கிடக்குதுங்கறதைப் பொறுத்தும் மாறும்ங்க. முதுமலை, பந்திப்பூர், வயநாடு, சத்தியமங்கலம் எல்லாம் ஒரே காடு. காலையில இங்க உக்காந்திருக்கறது மத்தியானம் வயநாட்டு மேல சுத்தும். அதுக்கு மாநில எல்லை தெரியாது. அதனாலதான் எல்லா எடத்துலயும் ஒரே நேரத்துல எண்றாங்க. நாங்க அதை ஏறுச்சு எறங்குச்சுன்னு பாக்கறதில்ல. கூடு எத்தனை, அதுல குஞ்சு எத்தனை பறந்துச்சு, அதைத்தான் பாப்போம்.

கரிசல்காட்டான்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்ப முந்நூறுன்னே வெச்சுக்கிட்டாலும், இனம் தப்பிச்சுடுச்சு. ஆனா அது செஞ்ச வேலை? முந்நூறு பறவை அந்தக் காட்டுக்கே சரியாப் போகும். விளாத்திகுளத்துல மாடு செத்தா இன்னமும் நாய்தானே? அழிவுப் பட்டியல்ல "இன்னும் இருக்கு"ன்னு எழுதியிருக்கலாம், எங்க ஊர் பொறுத்தவரைக்கும் அது அழிஞ்ச பறவைதான். கணக்கன் சொன்ன அந்த 5 லட்சத்தை முந்நூறு பறவையால தடுக்க முடியாதே.

கணக்கன்

அதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். 1980-களில் இந்தியாவில் 4 கோடி வரை பாறு இருந்ததாகச் சொல்வார்கள். மாடு அகற்றும் வேலையைச் செய்தது அந்தக் கோடி. ஓர் இனம் முழுக்க அழியும் முன்பே அதன் உழைப்பு நமக்கு நின்றுபோகிறது, மனிதச் சாவுகள் நிகழ்ந்ததும் அந்த இடைவெளியில்தான். உயிரினப் பட்டியலில் கடைசிப் பெயர் அடிக்கப்படும்வரை காத்திருந்து அழுவதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

எதிர்க்கேள்வி

இதை ஏற்கிறேன். "ஒன்று போனால் இன்னொன்று வரும்" என்று முதலில் சொன்னதிலும் பின்வாங்கவில்லை. வரும். வந்தது நாய். அது நமக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சந்தேகம் மிச்சம். மருந்து எல்லாம் நின்றுவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். மாயாற்றில் மட்டும் ஏன் மளமளவென்று கூடவில்லை? அங்கே இப்போது எது தடுக்கிறது?

ஊசிப்பெட்டி

வேகமாக் கூடாது, அதோட உடம்பு வாகு அப்படி. அதுல மறுபடி அடி விழாம இருந்தா மெல்ல ஏறும்.

ஆத்தோரம்

அடி உழுந்துகிட்டுத்தான்ங்க இருக்கு. மருந்தைப் பத்தியே எல்லாரும் எழுதறீங்க, எங்க பயம் வேற. புலியோ சிறுத்தையோ மாட்டை அடிச்சுட்டுப் பாதி தின்னுட்டுப் போகும், மறுநாள் திரும்ப வரும்னு மாட்டுக்காரருக்குத் தெரியும். அந்த மாட்டுல பூச்சி மருந்தைத் தடவி வெச்சுடறது. குறி புலிக்கு. ஆனா விடியறதுக்குள்ள புலி வரலைன்னா, வெயில் ஏறினதும் கழுகு எறங்கும். ஒரே மாட்டுல ஒரு கூட்டமே போயிடும். டைக்ளோபினாக்காவது ஒரு மாட்டுல இருக்கும், ஒரு மாட்டுல இருக்காது. இது வேணும்னே வெச்ச விஷம்.

மாட்டுக்காரரைத் திட்டவும் எனக்கு மனசு வரலைங்க. மாடு போனா இழப்பீடு உண்டு, சட்டத்துல இருக்கு. போட்டோ எடு, சான்று வாங்கு, பட்டா எங்கே, மேய்ச்சல் அனுமதி எங்கேன்னு நடையா நடக்க உடுவாங்க. பட்டி மாட்டுக்குப் பாதிப் பேருகிட்ட ஒரு காகிதமும் கிடையாது.

கல்லாப்பெட்டி

பூச்சி மருந்தையும் சீட்டில்லாமல் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே ஒரு கண் வைத்தால் பாதி அடங்கும். எங்கள் மருந்துக்கு 3 மில்லி மாதிரி அதற்கும் ஏதாவது செய்யலாம்.

எதிர்க்கேள்வி

ஆத்தோரத்துக்கு நேராகவே ஒரு கேள்வி. மாடு செத்த மூன்றாவது நாள் வீட்டுக்கே வந்து பணம் கொடுத்துவிட்டால், விஷம் வைப்பார்களா?

ஆத்தோரம்

முக்கால்வாசிப் பேரு வெக்க மாட்டாங்க. மீதிக் கால்வாசிக்கு மாடு ஒரு சாக்குங்க, அவங்களுக்கு வேற கணக்கு இருக்கு. அவங்க யாருன்னு ஊருக்கே தெரியும், ஆனா இங்க எழுதிட்டு நான் அதே ரோட்டுல வண்டி ஓட்டணும்.